பதிவுக்கா, படிப்பவருக்கா? நேரடி எழுத்துரையாளரின் தொழிலறம்

1982 மார்ச் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மைக்கேல் சாட்டாஃப் என்ற வழக்கறிஞர் வாதாட எழுந்தார். அவருக்குக் காது கேட்காது. செவித்திறன் இல்லாத வழக்கறிஞர் ஒருவர் அந்த மன்றத்தில் வாதாடியது அதுவே முதல் முறை. நீதிபதிகளின் கேள்விகளை ஒரு சுருக்கெழுத்தர் எந்திரத்தில் அடிக்க அடிக்க, அவை கணினி வழியாக எழுத்தாகி சாட்டாஃபின் முன்னிருந்த திரையில் ஓடின. மன்றம் அதற்குத் தனி அனுமதி தந்திருந்தது.

வழக்கு ஏமி ரௌலி என்ற பள்ளிச் சிறுமியைப் பற்றியது. நியூயார்க் மாநிலத்தில் ஹெண்ட்ரிக் ஹட்சன் பள்ளி மாவட்டத்தில் படித்த அவளுக்குக் கேட்புக் கருவியும் தனிப்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தந்த நிர்வாகம், வகுப்பறையில் சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்த மறுத்தது. ஜூன் 28 அன்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு பள்ளிக்குச் சாதகமாக வந்தது. பெயர்ப்பாளர் இல்லாமலேயே அவள் வகுப்பு விட்டு வகுப்பு தேறுகிறாள், கல்வியால் பயன் அடைகிறாள், சட்டம் கோருவது அவ்வளவே என்றது பெரும்பான்மை. வகுப்பில் பேசப்படுவதில் பாதிக்கும் குறைவாகவே அவளுக்குப் புரிகிறது என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் நீதிபதி பைரன் ஒயிட். வாதாடியவருக்கு ஒவ்வொரு சொல்லும் திரையில் வேண்டியிருந்தது. யாருக்காக வாதாடினாரோ அவளுக்குப் பாதி போதும் என்றாகிவிட்டது.

இந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். அந்தத் திரையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. திரையில் வந்த சொல்லைச் சரிபார்க்க சாட்டாஃபுக்கு வேறு வழி எதுவும் கிடையாது. ஓர் எதிர்மறைச் சொல் விட்டுப்போயிருந்தால், கேட்கப்படாத கேள்விக்கு ஒன்பது நீதிபதிகள் முன் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருப்பார். நேரடி எழுத்துரைத் தொழிலின் அறச் சிக்கல்கள் எல்லாமே இந்த ஒரு நிலையிலிருந்து கிளைப்பவை: படிப்பவரால் எழுதுபவரைச் சோதிக்க முடியாது.

இந்தச் சேவையை அமெரிக்காவில் சுருக்கமாக ‘கார்ட்’ என்கிறார்கள். தொலைக்காட்சிச் செய்திக்கு அடியில் ஓடும் கேப்ஷனும் இதே கையால் வருவதுதான். ஆனால் கார்ட் என்பது ஒரு வகுப்பறையில், மருத்துவர் அறையில், நீதிமன்றத்தில், சவ அடக்கத்தில், குறிப்பிட்ட ஒரு மனிதருக்காக நடப்பது. நம் ஊர்த் தட்டச்சு நிலையங்களில் பிட்மன் முறையில் கோடும் வளைவுமாகப் பழகியவர்களுக்குச் சுருக்கெழுத்து என்றால் பென்சிலும் குறிப்பேடும். அமெரிக்க நீதிமன்றங்களில் இருபதாம் நூற்றாண்டின் போக்கில் அது எந்திரத்துக்கு மாறிவிட்டது. ஸ்டெனோ எந்திரத்தில் 22 விசைகள் இருக்கின்றன. ஆர்மோனியத்தில் கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதுபோல் பல விசைகளை ஒரே அழுத்தில் பிடித்தால் ஓர் அசையோ, ஒரு சொல்லோ, பழகிய தொடர் ஒன்றோ விழும். விழுவது ஒலிக்குறி. அதைச் சொல்லாக மாற்றுவது அந்தச் சுருக்கெழுத்தர் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் சொந்த அகராதி. அகராதியில் இல்லாத பெயர் வந்தால் திரையில் குப்பை விழும்.

அதனால் இந்தத் தொழிலில் முன்தயாரிப்பே முதல் அறமாகிறது. கரிம வேதியியல் வகுப்புக்குப் போகும் எழுத்துரையாளர் பாடநூலையும் ஆசிரியரின் குறிப்புகளையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, சேர்மங்களின் பெயர்களை அகராதியில் ஏற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அது முடியாதென்றால் அந்த வேலையை ஏற்கக்கூடாது. 1899இல் தொடங்கிய தேசிய நீதிமன்றச் சுருக்கெழுத்தர் சங்கம் இத்துறைக்கான சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. நிமிடத்துக்கு 180 சொல் வேகத்தில் ஐந்து நிமிடம் படிக்கப்படும் உரையை 96 விழுக்காடு பிழையின்றி எழுதினால் தேர்ச்சி. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏழு சொல் தவறலாம் என்று பொருள். ஐம்பது நிமிட வகுப்பு முழுக்க ஆசிரியர் அதே வேகத்தில் பேசினால் 360 சொற்கள். அந்த 360 எவை என்பதை விழுக்காடு சொல்லாது. ‘அதாவது’, ‘வந்து’ போன்றவை போனால் யாருக்கும் நட்டமில்லை. மருந்தின் அளவில் ஒரு புள்ளி போனால் கதை வேறு.

ஐரோப்பாவில் நேரடித் துணையுரையை ஆராய்ந்த பாப்லோ ரொமேரோ-ஃபிரெஸ்கோவும் ஹுவான் மார்ட்டினெஸும் இதற்காகவே வேறொரு அளவுகோலை உருவாக்கினார்கள். பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் அதைப் பின்னர் பயன்படுத்தியது. அதில் எல்லாப் பிழைக்கும் ஒரே எடை கிடையாது: சிறிய பிழைக்கு 0.25, நடுத்தரத்துக்கு 0.5, கடுமையானதற்கு 1. கடுமையான பிழை என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. படிக்க அபத்தமாகத் தெரியும் பிழை அதில் சேராது. இடத்துக்குப் பொருந்தி, இலக்கணமாக நின்று, தவறான தகவலைச் சொல்லும் பிழையே கடுமையானது. அபத்தம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும், படிப்பவர் கையைத் தூக்கி ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடுவார். பொருந்தி நிற்கும் பொய்யை அவரால் பிடிக்க முடியாது. சங்கங்கள் எழுதிவைத்த விதிகள் பலவற்றைவிட இந்த மதிப்பீட்டு முறையில் அறவுணர்வு அதிகம் என்பது என் எண்ணம்.

நேரடி எழுத்துரையாளர்களில் பெரும்பாலோர் நீதிமன்றப் பயிற்சியில் வளர்ந்தவர்கள். அங்கே கற்ற அறம் பதிவேட்டுக்கான அறம். நீதிமன்றச் சுருக்கெழுத்தர் எந்தத் தரப்புக்கும் உரியவரல்ல. அவர் எழுதுவது நாளை மேல்முறையீட்டில் யாரோ படிப்பதற்கு. நீதிபதி ‘இது பதிவில் வேண்டாம்’ என்றால் விரல்களை எடுத்துவிடுவார். எழுதியதற்குச் சான்றொப்பம் இடுவார், பாதுகாப்பார், கேட்பவருக்கு விதிப்படி நகல் தருவார். அதே மனிதர், அதே எந்திரத்தோடு, காது கேளாத சாட்சி ஒருவருக்காக அதே அறையில் உட்காரும்போது இவற்றில் பல தலைகீழாகின்றன. பதிவில் வேண்டாம் என்று நீதிபதி சொன்ன பிறகு அவர் அடிக்கும் நகைச்சுவை அறையில் எல்லோருக்கும் கேட்கிறது. ஆகவே திரையில் வர வேண்டும். பின்வரிசையில் யாருடைய கைபேசியோ ஒலிக்கிறது. அறையே திரும்பிப் பார்க்கும்போது ஏன் திரும்புகிறார்கள் என்பது அந்தச் சாட்சிக்கும் தெரிய வேண்டும். வழக்கறிஞர் அவர் காதோடு சொல்ல நினைக்கும் ஆலோசனை எழுத்தாகத்தான் அவரைச் சேரும். அந்த எழுத்து எந்தப் பதிவிலும் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடாது என்று இத்துறை வழிகாட்டிகள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான். செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் மன்ற நிர்வாகத்துக்கு இது வீண்செலவாகத் தோன்றும். ஒருவர் வருங்காலத்துக்காக எழுதுகிறார், மற்றவர் பக்கத்தில் இருப்பவருக்காக எழுதுகிறார். இருவருக்கும் விசுவாசம் வேறு.

எதை எழுதுவது, எதை விடுவது என்ற கேள்விக்குத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் உரைகல் எளியது: அந்த இருக்கையில் காது கேட்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன கேட்குமோ அது. வகுப்பில் ஒரு மாணவன் கெட்ட வார்த்தை சொன்னால் அது அப்படியே வரும். சாதியையோ நிறத்தையோ சொல்லி ஒருவன் இன்னொருவனைப் பழித்தால் அதுவும் வரும். பிள்ளை மனம் நோகுமே என்று மென்மையாக்கும் எழுத்துரையாளர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் வகுப்பில் யார் எப்படிப்பட்டவர் என்று அறியும் உரிமையை அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார். மற்ற முப்பது பேரும் அதைக் கேட்டாயிற்று, அவன் மட்டும் பாதுகாக்கப்பட்ட அறியாமையில் இருக்கிறான். இதைவிடப் பெரிய அவமதிப்பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதே உரைகல் எதிர்ப்பக்கமும் வெட்டும். இப்போது பெருமளவு எழுத்துரை தொலைவிலிருந்து நடக்கிறது. ஆசிரியர் சட்டையில் மைக் குத்தியிருப்பார், எழுத்துரையாளர் வேறொரு நகரத்தில் வீட்டு அறையில் ஹெட்ஃபோனோடு இருப்பார். இடைவேளையில் ஆசிரியர் மைக்கை அணைக்க மறந்து நடைவழிக்குப் போய் சக ஆசிரியரிடம் ஒரு மாணவியின் குடும்ப விவகாரத்தைப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துரையாளருக்கு எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது. வகுப்பில் இருக்கும் யாருக்கும் கேட்காது. விரல்களை எடுத்துவிட வேண்டிய இடம் அது. கேட்டதையெல்லாம் எழுதுவதே நேர்மை என்று நம்பும் இயந்திரம் இந்த வேறுபாட்டை அறியாது.

சொல்லுக்குச் சொல் எழுதுவதா, கருத்தைச் சுருக்கி எழுதுவதா என்ற பழைய சச்சரவு ஒன்று உண்டு. ராச்செஸ்டரில் உள்ள காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரியில் உருவான ‘சி-பிரிண்ட்’ முறை, சாதாரண விசைப்பலகையில் சுருக்கங்களைக் கொண்டு கருத்தைத் தெளிவாகத் தருவதை நோக்கமாகக் கொண்டது. நிமிடத்துக்கு 200 சொல் ஓடும் திரையைப் படித்துக்கொண்டே கரும்பலகையையும் பார்க்க வேண்டிய மாணவருக்கு அது உதவியாக இருக்கலாம், குறிப்பாக ஆங்கிலம் இரண்டாம் மொழியாக, சைகைமொழி முதல் மொழியாக இருப்பவருக்கு. சட்ட மாணவருக்கோ பேராசிரியர் தயங்கிய இடம்கூடத் தேவைப்படும். எது சிறந்தது என்ற விவாதம் எனக்கு அலுத்துவிட்டது. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். எழுத்துரையாளர் வேகம் போதாமல் சுருக்கிவிட்டு அதைக் ‘கருத்துரை’ என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று. படிப்பவர் கேட்டுச் சுருக்கினால் அது சேவை.

தேர்வு என்று வரும்போது பணம் குறுக்கே நிற்கிறது. சம்பளம் கொடுப்பது பள்ளி, வேலை நடப்பது மாணவருக்கு. கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த மைக்கேல் ஆர்ஜென்யி கார்ட் சேவை கேட்டார், அவர் கேட்டபடி நிர்வாகம் தரவில்லை. கடன் வாங்கி ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துத் தானே ஏற்பாடு செய்துகொண்டு படித்தார். 2013இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு மன்றம் அவர் வழக்கு விசாரிக்கப்பட வேண்டியதே என்றது. அதே ஆண்டு ஜூரி, பல்கலைக்கழகம் பாகுபாடு காட்டியதாகக் கண்டது. அதே 2013இல் ஒன்பதாவது வட்டார மன்றம் கலிஃபோர்னியாவின் டஸ்டின் பள்ளி மாவட்டத்துக்கு எதிரான வழக்கில் சொன்னது ரௌலி தீர்ப்பின் நிழலை ஓரளவு விலக்கியது. சிறப்புக் கல்விச் சட்டத்தின்படி போதிய கல்வி தந்துவிட்டோம் என்பதாலேயே, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கடமையும் தீர்ந்துவிட்டதாகப் பள்ளி கருத முடியாது. 1990இன் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், மற்றவர்களுக்குச் சமமான பயனுள்ள தொடர்பைத் தர வேண்டும் என்கின்றன. எந்த உதவி வேண்டும் என்ற விருப்பத்துக்கு அரசு அமைப்புகள் முதன்மை இடம் தர வேண்டும் என்றும் சொல்கின்றன.

கூலி கொடுப்பவர் வேறு, பயன்பெறுபவர் வேறு என்ற இந்த முக்கோணம் மிகக் கூர்மையாக வெளிப்படுவது எழுத்துக்கோப்பு விவகாரத்தில்தான். வகுப்பு முடிந்ததும் எழுத்துரையாளரின் கணினியில் ஐம்பது நிமிடப் பேச்சு கோப்பாகக் கிடக்கிறது. அது யாருடையது? ஆசிரியர், ‘என் பாடம்தானே, எனக்கொரு பிரதி கொடுங்கள்’ என்பார். நேற்று வராத சக மாணவி தோழமையோடு கேட்பாள். மாற்றுத்திறனாளி நல அலுவலகம் வருகைப்பதிவுக்காகக் கேட்கும். கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. அந்தக் கோப்பில் மாணவர் கேட்ட தடுமாற்றமான கேள்வி இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரனோடு கிசுகிசுத்தது இருக்கிறது, தாமதமாக வந்தது தெரிகிறது. காது கேட்கும் மாணவர் எவருடைய வகுப்பு நடத்தையும் இப்படிச் சொல் சொல்லாகப் பதிவாவதில்லை. உதவி கேட்டதற்காக ஒருவர் மட்டும் கண்காணிப்புக்குள் வருவது அநியாயம். அந்த மாணவர் வராத நாளில் எழுத்துரையாளர் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வந்து மேசையில் தலைவைத்துத் தூங்கினால் எழுதலாம், அதை ஆசிரியரிடம் போய்ச் சொல்வது அவர் வேலையல்ல. கோப்பை மாணவருக்குக் குறிப்பாகத் தருவதா, உடனே அழிப்பதா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தரும்போது, இது சான்றளிக்கப்பட்ட பதிவு ஆகாது, பிழைகள் இருக்கும் என்ற குறிப்பும் தலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளை ஒரு ஒழுங்கு விசாரணையில் ‘உன் ஆசிரியர் சொன்னதாக இதில் இருக்கிறதே’ என்று யாராவது நீட்டுவார்கள்.

சைகைமொழி பெயர்ப்பாளர்கள் இந்த ரகசியக் காப்பை முன்பே வகுத்துவிட்டார்கள். அவர்களுடைய பதிவுச் சங்கம் 1964இல் தோன்றியது. 2005இல் காது கேளாதோர் தேசியச் சங்கத்தோடு சேர்ந்து வெளியிட்ட நடத்தை விதிகளில் முதல் கட்டளையே ரகசியம்தான். தொலைபேசி இணைப்புச் சேவையில் நடுவில் இருந்து தட்டச்சு செய்து தரும் ஊழியர்களுக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் இன்னும் கடுமையாக விதித்தது: உரையாடலின் உள்ளடக்கத்தை வெளியிடக்கூடாது, அழைப்பு முடிந்தபின் வைத்திருக்கவும் கூடாது, மாநிலச் சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலும் இதுவே பொருந்தும். காதல் பேச்சு, கடன் தகராறு, குற்ற ஒப்புதல் எல்லாம் அந்த ஊழியர் விரல் வழியாகப் போகும். விரலோடு நின்றுவிட வேண்டும்.

இந்த நம்பிக்கையின் உச்சம் ஜூரி அறை. பன்னிரண்டு பேர் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்பது நெடுங்கால மரபு. காது கேளாத ஒருவர் ஜூரியில் இருந்தால் பதின்மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். 1987இல் அமெரிக்கா எதிர் டெம்ப்சி வழக்கில் பத்தாவது வட்டார மன்றம் சைகைமொழி பெயர்ப்பாளர் உள்ளே இருந்ததால் தீர்ப்பு கெட்டுவிடாது என்றது, விவாதத்தில் கலந்துகொள்ளாத வரை. இங்கிலாந்தும் வேல்ஸும் இந்த இடத்துக்கு வர 2022ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலந்துகொள்ளாமல் இருப்பது எளிது என்று நினைக்கிறோம். ஒரு கொலை வழக்கில் ஜூரிகள் சாட்சியைத் தவறாக நினைவுகூர்ந்து வாதாடுவதை, சரியான வாசகத்தைத் தன் விரலாலேயே எழுதிய ஒருவர் கேட்டுக்கொண்டு, அந்தத் தவறையும் பிழையில்லாமல் எழுத வேண்டும். முகம்கூடச் சுளிக்கக்கூடாது.

மருத்துவரின் அறையில் வேறொரு பாரம். ‘கட்டி பரவிவிட்டது’ என்ற செய்தி நோயாளியைச் சேரும் முன் ஓரிரு நொடி எழுத்துரையாளரிடம் இருக்கிறது. தணித்து எழுதவும் கூடாது, ஆறுதல் சேர்க்கவும் கூடாது. அவர் வாய் திறக்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு: கேட்காதபோது. இருவர் ஒரே நேரத்தில் பேசினாலோ, மருத்துவர் சுவரைப் பார்த்து முணுமுணுத்தாலோ நிறுத்திக் கேட்க வேண்டும், அல்லது ‘கேட்கவில்லை’ என்று திரையிலேயே எழுத வேண்டும். ஊகித்து நிரப்பினால் கை வேகம் குறையாமல் தெரியும், பார்ப்பவருக்கும் நல்ல வேலையாகத் தோன்றும். சாட்டாஃபின் இடத்தில் இருப்பவருக்கு அது பொறி.

இந்தப் பொறியைத்தான் தானியங்கிப் பேச்சறிதல் பெரிய அளவில் விரித்திருக்கிறது. 2018 ஜூனில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், எழுத்துரையோடு வரும் இணையத் தொலைபேசிச் சேவையை மனிதர் இல்லாமல் முழுவதும் இயந்திரத்தால் நடத்தலாம் என்று அனுமதித்தது. அறிமுகமில்லாத ஊழியர் ஒருவர் காது கொடுக்காமல் பேச முடிவதால் அந்தரங்கம் கூடும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. மலிவு, நள்ளிரவிலும் கிடைக்கும், வேகம் அதிகம். பதிவான விரிவுரைகளுக்கு இயந்திர வரைவை மனிதர் திருத்தித் தருவதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் பிழையின் இயல்பு மாறிவிட்டது. ஸ்டெனோ பிழை பெரும்பாலும் பிழையாகவே தெரியும்: ஒலிக்குறியின் குப்பை, உடைந்த சொல். நவீனப் பேச்சறி இயந்திரத்தின் பிழை ஒழுங்கான வாக்கியமாக வருகிறது, அதாவது முன்னே சொன்ன அளவுகோலில் முழு ஒன்று வாங்கும் வகை. அலிசன் கோனெக்கேயும் சக ஆய்வாளர்களும் 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் சராசரிச் சொற்பிழை விகிதம் 0.19, கறுப்பினத்தவர் பேச்சில் 0.35. வகுப்பில் யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து, காது கேளாத மாணவருக்குக் கிடைக்கும் துல்லியம் மாறுகிறது. பேசியவரும் படிப்பவரும் ஒருசேர இழக்கிறார்கள். 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில் கோனெக்கேயின் குழு ‘விஸ்பர்’ என்ற கருவியைச் சோதித்தது. ஒலித்துண்டுகளில் சுமார் ஒரு விழுக்காட்டில் யாருமே பேசாத தொடர்கள் முளைத்திருந்தன. அவற்றில் 38 விழுக்காடு வன்முறை, பொய்த் தொடர்புகள், போலி அதிகாரம் எனத் தீங்கு தரக்கூடியவை. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைபடுவோரின் ஒலியில் இது கூடுதலாக நடந்தது. பேசாமல் நீளும் இடைவெளிகளோடு இதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வு காட்டியது. மனித எழுத்துரையாளர் விரலை எடுத்துக் காத்திருக்கும் இடம் அது.

இந்தியாவில் இயந்திரம், மனிதர் என்ற இந்த இரண்டு போக்குகளும் ஒரே ஆண்டில் ஒரே கட்டடத்துக்குள் வந்தன. 2023 பிப்ரவரி 21 முதல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் செயற்கை நுண்ணறிவால் உடனுக்குடன் திரையில் எழுத்தாயின. செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி அதே நீதிமன்றத்தில் சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையோடு முன்னிலையானார். முதலாவது பதிவுக்கான ஏற்பாடு, இரண்டாவது ஓர் ஆளுக்கானது. முதலாவதைக் கொண்டு இரண்டாவதைச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் நிர்வாகங்களுக்கு இனி அடிக்கடி வரும்.

அமெரிக்க விதியில் உள்ள ‘விருப்பத்துக்கு முதன்மை இடம்’ என்ற வாசகம் 1982இன் திரைக்கும் இன்றைய இயந்திரத்துக்கும் சமமாகவே பொருந்துகிறது. அரசு மருத்துவமனையில் ஒருவர் மனித எழுத்துரையாளரைக் கேட்டு, நிர்வாகம் அவர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தால், அந்தக் கருவி அதே அளவு பயன் தருகிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு மருத்துவமனையுடையது.